பிரிட்ஜ் வைக்கிற இடம்

அடுக்களையை மாற்றிக் கட்டவேண்டும் என்ற பேச்சைக் கறையான்தான் ஆரம்பித்து வைத்தது. பரணுக்குக் கீழே ஒரு மரத்தட்டு உண்டு. மல்லி, வத்தல், புளி எல்லாம் அதில்தான் இருக்கும். ஒருநாள் காலையில் புளி டப்பாவை எடுக்கலாம் என்று கையை வைத்தேன். தட்டு தவிடு மாதிரி உதிர்ந்துவிட்டது. உள்ளே மரம் என்று ஒன்றும் இல்லை. மேலே அடித்திருந்த பெயிண்ட்தான் இத்தனை நாளும் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

சத்தம் கேட்டு மருமகள் வந்தாள். உதிர்ந்ததைப் பார்த்தாள். மேடைக்கல்லில் விட்டிருந்த விரிசலைப் பார்த்தாள். சிங்குக்குப் பின்னால் குழாய் கசிந்து ஊறிப்போன சுவரையும் பார்த்தாள்.

“அத்தை, இது இனிமே ஒட்டுப் போட்டா நிக்காது. மொத்தமா எடுத்துட்டுப் புதுசா பண்ணிடலாம்.”

“செய்வோமே” என்றேன். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான்.

எங்கள் வீடு தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில். மகன் ராணுவத்தில் இருக்கிறான். அவன் பின்னாலேயே ஊர் ஊராகக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் செய்த மருமகள், இப்போது அவனை எல்லைப் பக்கம் போட்டுவிட்டதால் இங்கே வந்து என்னோடு இருக்கிறாள். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பேத்தி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இரண்டு பேர்தானே, அதற்கு எதற்குப் பெரிய அடுக்களை என்று யாரும் கேட்கக்கூடாது. ஆனி மாதம் பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் குற்றாலத்தில் குளிக்கக் கிளம்பி வருவார்கள். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஈரத்தலையோடு நேரே எங்கள் வீட்டுக்குத்தான். அருவியில் குளித்தவனுக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. ஒரு வேன் வந்து இறங்கிச் சாப்பிட்டுப் போவதற்குள் இன்னொரு கார் வந்து நிற்கும். அந்த நாட்களில் மருமகள் அடுப்பில் நிற்பாள். நான் கீழே இருப்பேன்.

கீழே என்றால் தரையில். எனக்கு நிற்க முடியாது. காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றால் கெண்டைக்கால் எரியும். உட்கார்ந்து எழுந்திருக்க மட்டும் ஒரு குறையும் இல்லை. பின்கதவுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டால் அதுதான் என் இடம். வலது பக்கம் அரிவாள்மனை, இடது பக்கம் தோல் போடுகிற சட்டி. அங்கே இருந்தபடியே காய் நறுக்குவேன், தேங்காய் துருவுவேன், உள்ளி என்கிற சின்ன வெங்காயம் உரிப்பேன். கரண்டியில் குழம்பை எடுத்துக் குனிந்து நீட்டுவாள், உப்புப் பார்த்துச் சொல்லுவேன். அவியலுக்கு எல்லாக் காயையும் ஒரே நீளத்தில் நறுக்க இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குச் சாப்பிடும்போதுதான் நினைப்பு வருகிறது.

மருமகள் தென்காசியில் மாடுலர் கிச்சன் செய்கிற ஒருவரை வரவழைத்தாள். நல்ல மனுஷன். சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். டேப்பை இழுத்து இழுத்துச் சுவரை அளந்தார். கிரானைட் துண்டு, பிளைவுட் துண்டு எல்லாம் பையிலிருந்து எடுத்துப் பரப்பினார். சாரல் தொடங்கிவிட்டால் பலகை ஈரம் குடித்து உப்பிவிடும், அதனால் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வேலையைத் தொடங்கி ஆனிக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்றார். எல்லாம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆச்சி, ஒங்களுக்கு அடுக்களையில என்ன வேணும்? இப்பமே சொல்லிட்டா நல்லது.”

“எனக்கு என்ன வேணும்? அவதான பொழங்கப் போறா. நீங்க பாத்துச் செய்யுங்க.”

“எதுவுமே வேண்டாமா அத்தை?” என்று கேட்டாள் மருமகள்.

“ஒண்ணும் வேண்டாம்.”

“சரி அத்தை” என்றாள். இரண்டு பேரும் கதவுக்கு என்ன கலர் என்று பேசப் போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடுங்க என்பார்கள். இப்பதான் சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டும். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் அப்படித்தான். திரும்பவும் கேட்பார்கள். இருக்கட்டும் என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இலையைப் போட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுப்பார்கள் பாருங்கள், அப்போதுதான், நீங்க இவ்வளவு சொல்லுதீங்களே என்று உட்காரலாம். முதல் தடவையே உட்கார்ந்துவிட்டால் காணாததைக் கண்டவள் என்று பேராகிவிடும். கேட்கிறவருக்கும் இது தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் எந்த விஷயமானாலும் என்னிடம் மூன்றாம் தடவை கேட்காமல் விடமாட்டார். ஒரு சேலை எடுப்பதற்குக்கூட கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மருமகள் பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இங்கே வீரகேரளம்புதூர்ப் பக்கம்தான், பிழைக்கப் போனவர்கள். ஒரே அறையில் எல்லாரும் இடித்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு தீபாவளிக்குப் பட்டுச்சேலை எடுக்கட்டுமா அத்தை என்று கேட்டாள். எனக்கு எதுக்கு என்றேன். எடுக்கவில்லை. கஞ்சத்தனம் இல்லை, அலட்சியமும் இல்லை. நான் சொன்ன சொல்லை அவள் அப்படியே மதிக்கிறாள். அதுதான் எனக்குச் சங்கடம்.

நாலைந்து நாள் கழித்துப் போனில் கிச்சன்காரர் அனுப்பிய ஒரு படம் வந்தது. மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கோடும் கட்டமுமாக இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். பஸ் போர்டு படிப்பேன், மாத்திரை அட்டையில் பேர் படிப்பேன். கூரையைப் பெயர்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரிப் படத்தை எப்படிப் படிப்பது? பின்கதவு எங்கே என்று மட்டும் கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். கதவை ஒட்டி, ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய கட்டம் இருந்தது.

“இது என்னது?”

“பிரிட்ஜ் அத்தை. இப்ப ஹால்ல இருக்குல்ல, எடுக்க நடந்துகிட்டே இருக்கோம். இது பெரிசா ரெண்டு கதவு வச்சது. அந்த மூலையில கச்சிதமா உக்காந்துடும்.”

“நல்லாருக்கு” என்றேன்.

பிரிட்ஜ் உட்காருகிற மூலையில்தான் நான் உட்காருகிறேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வயசான மனுஷி, மேடையில்லாமல் தரையில் கிடந்து கஷ்டப்படுகிறாள், இனிமேலாவது நல்லபடியாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். புது மேடையோ அவள் உயரத்துக்கு. அவள் நெடுநெடுவென்று இருப்பாள். எனக்கு அது நெஞ்சு மட்டத்துக்கு வரும். தரையும் இல்லை, மேடையும் எட்டாது என்றால் நான் அந்த அடுக்களையில் எங்கே இருப்பேன்? ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து, சோறு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். அப்படி இருப்பவளை விருந்தாளி என்பார்கள். என் வீட்டில் நானே விருந்தாளியாகப் போகிறேனா என்று எனக்கு அன்றைக்குத் திக்கென்றது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டில் இருப்பது என் வீட்டுக்காரரின் தங்கச்சி, எனக்கு நாத்தனார். நாங்கள் பிரிட்ஜ் வாங்கினால் அவளுக்கு அதன் கதவு எத்தனை என்பது வரைக்கும் தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே பின்வாசல் வழியாக வந்தாள்.

“என்ன மைனி, புது அடுக்களையில ஒங்களுக்கு டிக்கெட்டு இல்லையாம்லா?”

“ஏட்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா?”

“இல்ல, கேட்டேன். அந்த ஜன்னல் வழியாத்தான ஒங்ககிட்ட நாலு வார்த்த பேசுதேன். இனிமே பிரிட்ஜுகிட்டயா பேசணும்?”

“பேசு. அதாவது ஒனக்குப் பதில் சொல்லாம இருக்கும்.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். பின்னால் ஒரே பனி. மூக்கு சிவந்திருந்தது. மருமகள் அவனிடம் படத்தைக் காட்டிச் சொல்லியிருப்பாள் போல.

“எம்மா, இனிமே நீ ராணி மாதிரி ஹால்ல உக்காரு. காலை நீட்டிக்கிட்டு டிவி பாரு. எத்தன வருசம் தரையில உக்காந்து தேங்கா திருவுவ? போதும்.”

“சரி ராசா” என்றேன். அவன் அவ்வளவு பிரியமாகச் சொன்னான். பிரியமாகச் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

பிறகு சாமான் ஒழிக்கிற வேலை வந்தது. புது அடுக்களையில் எல்லாம் டிராயருக்குள் அடங்கவேண்டுமாம், பாத்திரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் கிச்சன்காரர். பரணிலிருந்து மருமகள் ஒவ்வொன்றாக இறக்கினாள். நான் தரையில் உட்கார்ந்து வைப்பது, கொடுப்பது, பழைய இரும்புக்குப் போடுவது என்று பிரித்தேன். எந்தப் பாத்திரத்துக்கும் சேராத மூடிகளே ஒரு சாக்கு தேறியது. அவற்றின் பாத்திரங்கள் எல்லாம் எங்கே போயின என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய சருவச்சட்டி வந்தது. வாய் அகன்ற பித்தளைச் சட்டி, சீசனுக்கு வேன் நிறைய ஆள் வந்தால் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பது அதில்தான். அதைக் கொடுக்கிற பக்கம் தள்ளினேன்.

மருமகள் ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். “இது சீசனுக்கு வேணுமே அத்தை?”

“எனக்கு எதுக்கு இனிமே?”

அவள் சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். “சரி” என்றாள். அன்றைக்கே நாத்தனார் வந்து சருவச்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அந்தச் சில நாட்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன அத்தை, உடம்பு சரியில்லையா என்று மருமகள் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். மறுநாள் மாத்திரை வாங்கி வந்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் மருமகள் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். கையில் டேப், கக்கத்தில் கோலப்பொடி டப்பா.

“அத்தை, படத்துல பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி ஒரு குவார்ட்டர்ஸ்ல பிரிட்ஜைத் தொறந்தா கதவு இடிக்கும், கதவைத் தொறந்தா பிரிட்ஜ் இடிக்கும். ரெண்டு வருசம் அதோட மல்லுக்கட்டினேன். இந்தத் தடவை அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன். அடுக்களையை அதே அளவுல இங்கயே போட்டுப் பாத்துடலாம். நான் அளக்குறேன், நீங்க கோடு போடுங்க. எனக்குக் கோடு கோணும்.”

அவளுக்குக் கோடு கோணும் என்பது உண்மை. எனக்குக் கோணாது. விரலிடுக்கில் பொடியை விட்டேன் என்றால் கயிறு பிடித்த மாதிரி வரும். அவள் டேப்பை இழுத்துப் பிடிக்க, நான் குனிந்து குனிந்து வரைந்தேன். நாலு சுவர் வந்தது. வாசல் வந்தது. மேடை, சிங்க், அடுப்பு எல்லாம் வந்தன.

“இங்கன இருந்து இங்கன வரைக்கும் பிரிட்ஜ் அத்தை” என்றாள். இங்கே வந்த பிறகு ‘இங்கன’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

அதையும் நான்தான் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே, பின்கதவை ஒட்டி, நாலு மூலையும் சரியாக. கோணலாகப் போட்டு அவளிடம் பேச்சு வாங்க எனக்கு மனசு இல்லை.

பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட வந்த நாத்தனார் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நின்றாள்.

“என்ன மைனி, மாமியாரும் மருமகளும் பாண்டி ஆடப் போறியளா? கட்டம் போட்டுருக்கு, சில்லைக் காணோமே?”

“அடுக்களை பெரியம்மா” என்றாள் மருமகள்.

“நல்லாருக்கு. மேல கூரையக் காணோம், மத்தபடி நல்லாருக்கு.”

மருமகள் அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். “இப்ப சமைச்சுப் பாப்போம் அத்தை. சீசன் நாள்னு வச்சுக்கோங்க. கீழ வேன் வந்து நின்னுடுச்சு. எல்லாருக்கும் பசி. நான் அடுப்புல நிக்கிறேன். கோட்டை மிதிக்காம நடக்கணும், மிதிச்சா சுவத்துல இடிச்ச மாதிரி.”

சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. நானும் சேர்ந்துகொண்டேன். வாசல் வழியாக உள்ளே போனேன். அவள் வெறுங்கையால் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு பக்கம் சோற்றுக்கு உலை, ஒரு பக்கம் சொதிக்குக் காய். நான் சிங்கில் கையைக் கழுவினேன். பிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்தாள், கதவைத் திறக்கிற மாதிரிக் கையை வீசினாள். இடிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம். பரபரவென்று நாலு வேலையை ஒன்றாகச் செய்தாள். நிஜமாகவே கீழே வேன் வந்து நிற்கிற மாதிரி எனக்கும் பரபரப்பு ஒட்டிக்கொண்டது.

“அத்தை, தேங்கா” என்றாள் திரும்பாமலே.

“இந்தா, இப்பம் தாரேன்” என்றேன்.

பாதித் தேங்காய் துருவியிருப்பேன். அடுப்புப் பக்கம் சத்தத்தைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் மருமகள் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, நீங்க பிரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்கீங்க.”

குனிந்து பார்த்தேன். என்னைச் சுற்றி நாலு பக்கமும் நான் போட்ட கோடு. அதற்கு நடுவில் காலை மடக்கி, சுவரே இல்லாத இடத்தில் முதுகைச் சாய்த்த மாதிரி வைத்துக்கொண்டு, இல்லாத அரிவாள்மனையில் இல்லாத தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தேன்.

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “உள்ள குளுகுளுன்னு இருக்கா மைனி? பாத்து, நாளைக்கு எடுத்துச் சூடு பண்ணிருவாவ.”

“கால் எரிஞ்சுது, சும்மா உக்காந்தேன்” என்று கையை ஊன்றி எழுந்திருக்கப் போனேன்.

“எந்திரிக்காதீங்க” என்றாள் மருமகள். அவள் குரல் மாறியிருந்தது. “அப்படியே இருங்க அத்தை.”

மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து வந்தாள். பிரிட்ஜின் நாலு கோட்டையும் பெருக்கித் தள்ளினாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொடி டப்பாவை எடுத்து, குத்தவைத்து உட்கார்ந்து, என்னைச் சுற்றிப் பொடியை விட்டாள். இந்த முழங்காலிலிருந்து அந்த முழங்கால், கை நீட்டினால் அரிவாள்மனை இருக்கிற இடம், இந்தப் பக்கம் தோல் சட்டிக்கு இடம். எல்லாம் கோணல். ஓரிடத்தில் பொடி குவிந்தும் ஓரிடத்தில் விட்டும் போயிருந்தது. நான் திருத்தவில்லை.

வரைந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். “நீங்க கஷ்டப்பட்டுக் கீழ உக்காருறீங்கன்னு நெனச்சேன் அத்தை.”

“நிக்கத்தான்ம்மா கஷ்டம்” என்றேன். “உக்காரதுக்கு என்ன கஷ்டம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

பொடி டப்பாவின் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவளும் வாங்கி மூடினாள்.

நாத்தனார் மட்டும் விடவில்லை. “அப்போ பிரிட்ஜு எங்கன போகும்?”

“அது எங்கயும் போவும் பெரியம்மா. அதுக்குக் கால் வலிக்காது” என்றாள் மருமகள்.

கீழே இறங்கும்போது படிக்கட்டில் என் பாதம் எனக்கே கனமாக இல்லை. நேரே அடுக்களைக்குப் போய்ப் பழைய சோற்றில் மோரை ஊற்றி, வத்தலைக் கடித்துக்கொண்டு ஒரு கும்பா சாப்பிட்டேன். அத்தைக்கு மாத்திரை கேட்டுவிட்டது என்று அன்று ராத்திரி மருமகள் மகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளட்டும்.

மறுநாள் சாயங்காலம் கிச்சன்காரர் மாடிக்கு வந்து பார்த்தார். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

“மேடம், செய்யலாம். ஆனா ஒரு பக்கம் மேடையே இல்லாம வெறுந்தரையா விட்டா, பாக்கிறவங்க என்ன, வேலைய முடிக்காமப் போயிட்டானான்னு கேப்பாங்க. ஆச்சி டைனிங் டேபிள்ல இருந்து நறுக்கலாம்லா? நல்ல சேர் போட்டுத் தாரேன்.”

“எங்க அத்தை தரையிலதான் உக்காருவாங்க” என்றாள் மருமகள்.

“சரி, வெறுந்தரை வேண்டாம், கொஞ்சம் ஒசத்தி ஒரு சின்ன கிரானைட்டு மேடை மாதிரி...” என்று இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்களே சொல்லிருங்க. ஒங்களுக்கு எப்படி வேணும்?”

வாய்வரைக்கும் வந்துவிட்டது, நீங்க பாத்துச் செய்யுங்க என்று. மருமகளைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இன்னொரு தடவை கேட்கமாட்டாள், கேட்கத் தெரியாது. அவள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டாள். இனி நான் சொல்லவேண்டும்.

“மேடை வேண்டாம். தரைதான் வேணும். கிரானைட்டு வழுக்கும், சொரசொரன்னு ஒரு கல்லு போடுங்க” என்றேன்.

“சரி ஆச்சி.”

“ஜன்னலு இன்னும் கீழ எறங்கணும். உக்காந்தா எனக்கு வெளிய தெரியணும்.”

“அது சுவத்த ஒடைக்கணும். சரி, ஒடைச்சிருவோம்.”

“உள்ளி, கெழங்கு வைக்கிற டிராயரு மேல வேண்டாம், என் கைக்கு எட்டுத மாதிரிக் கீழ வைங்க. காத்துப் போகணும், அடைச்சு வச்சா முளைச்சுரும். அரிவாள்மனைய நிறுத்தி வைக்க ஒரு சந்து வேணும், ஆரும் காலை வைக்காத மாதிரி. பொறவு, கீழ ஒரு குழாய். காய் கழுவ அங்க போயி நிக்க முடியல.”

அவர் ஒவ்வொன்றாகப் போனில் குறித்துக்கொண்டே வந்தவர், குழாயில் நிறுத்திவிட்டார். “ஆச்சி, அன்னைக்குக் கேட்டப்பம் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னீங்க.”

“அன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு வேணும்.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்புத்தான்.

அதற்குப் பிறகு அவர் டேப்பை எடுத்து, என்னை உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும், முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், கை நீட்டினால் எதுவரைக்கும் எட்டும் என்று எல்லாம் அளந்தார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற டெய்லரைத் தவிர வேறு யாரும் என்னை இப்படி அளந்தது கிடையாது. கையை நன்றாகவே நீட்டிக் காட்டினேன்.

பிரிட்ஜுக்கு ஹாலிலேயே இடம் என்று முடிவானது. ரெண்டு கதவு வைத்தது வேண்டாம், இருக்கிறதே போதும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். அதற்கு நான், இல்ல, நீ ஆசப்பட்டது, வாங்கு என்று சொன்னேன். பெரிய பிரிட்ஜே வருகிறது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்கும்.

நாத்தனாரிடம் போய்ச் சருவச்சட்டியைத் திரும்பக் கேட்டேன். அவள் வாசலில் நின்றுகொண்டு கொடுப்பேனா என்கிற மாதிரிப் பார்த்தாள்.

“கொடுத்ததத் திரும்பக் கேப்பாவளா மைனி?”

“நான் கேப்பேன்.”

“தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருக்கேனே. புளி எவ்வளவு செலவாச்சு தெரியுமா?”

“சீசனுக்கு ஒனக்கும் ஒரு தூக்குச்சட்டி சொதி வரும்லா. குடு.”

கொடுத்துவிட்டாள். நிஜமாகவே பளபளவென்று இருந்தது. இந்தப் பாத்திரத்தை நான் இவ்வளவு தேய்த்தது இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வேலை தொடங்கியது. அதற்கு முந்தின நாளே அடுக்களையைக் காலி செய்துவிட்டோம். கார் ஷெட் என்று பேர், கார் கிடையாது, மருமகளின் ஸ்கூட்டி நிற்கிற இடம். அதில் ஒரு பழைய பெஞ்சைப் போட்டு, அதன் மேல் கேஸ் அடுப்பை வைத்தோம். நல்ல நேரம் பார்த்து முதலில் பால் காய்ச்சினோம். ஓரத்தில் பாயை விரித்து எனக்கு ஒரு இடம் செய்துவைத்தாள் மருமகள். மேலே தகரம், கொஞ்சம் வெக்கை. மேற்கே மலை தெரியும், எப்போதாவது ஒரு காற்று இறங்கி வரும். ஒரு மாதம் அதில் சமைக்கலாம், கஷ்டம் இல்லை.

காலையில் கொத்தனார் வந்தார். நான் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மேடைக்கல்லில் சம்மட்டியின் முதல் அடி விழுந்தது. மனசுக்கு என்னமோ செய்யும் என்று நினைத்துத்தான் இருந்தேன், எத்தனை வருஷத்து அடுக்களை. ஒன்றும் செய்யவில்லை. ரெண்டாவது அடி விழுந்ததும், கல் முழுசாக வருகிறதா, நொறுங்குகிறதா என்று கேட்கத்தான் தோன்றியது.

கொத்தனார் தலையெல்லாம் தூசியோடு பின்கதவுப் பக்கம் வந்து நின்றார்.

“ஆச்சி, அந்த ஜன்னலுக்குக் கீழ தரை நல்லாத்தான் இருக்கு. அதையும் ஒடைக்கவா, விட்டுரவா?”

மருமகள் என்னைப் பார்த்தாள்.

“ஒடைங்க” என்றேன். “எல்லாத்தையும் ஒடைச்சுப் போடுங்க.”

அவர் உள்ளே போனார். மருமகள் குக்கரைத் திறந்து பருப்பைக் கொட்டினாள். உள்ளியை அவள் கையில் கொடுத்தேன்.